வடக்குச் சுவரில் ஓதம்

காலையில் எழுந்ததும் முதல் வேலையாகச் சுவரில் கை வைத்துப் பார்ப்பது அந்த ஆண்டு எனக்குப் பழக்கமாகியிருந்தது. காப்பியும் செய்தித்தாளும் பள்ளிக்குக் கிளம்பும் அவசரமும் அதற்குப் பிறகுதான். படுக்கையறையின் வடக்குச் சுவரில், என் தோள் உயரத்தில், உள்ளங்கையை அகல விரித்து வைப்பேன். காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல. சில்லென்றிருக்கும். கையை எடுத்தால் சுண்ணாம்பும் ஈரமும் குழைந்த ஒரு பசை ரேகைகளில் ஒட்டியிருக்கும்.

மாசி பாதி கடந்திருந்த ஒரு நாள் அப்படிக் கை வைத்தபோது சுவர் உள்ளே அமுங்கியது. நான் பின்வாங்குவதற்குள் ஒரு முழ அகலத்துக்குப் பூச்சு பிளந்து, என் காலடியில் சொதசொதவென்று விழுந்தது. உள்ளே செங்கல் கறுத்து நனைந்திருந்தது. சந்தையில் அடிமூட்டையில் கிடந்து அழுகிய உருளைக்கிழங்கின் வாடை அறையெங்கும் பரவிற்று.

சத்தம் கேட்டு என் மகள் அமுதா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது.

"சுவர் அழுகிப்போச்சாம்மா?"

அந்த ஒரு கேள்வியைக் கேட்டு முடிப்பதற்கே அவளுக்கு இரண்டு முறை மூச்சு வாங்க வேண்டியிருந்தது. கழுத்துக் குழி உள்ளே போய்ப் போய் வந்தது. நான் சுவரை விட்டுவிட்டு இன்ஹேலரைத் தேடினேன்.

மழை நின்று இரண்டு மாதத்துக்கு மேலாகியிருந்தது. வெளியே புல் பழுத்துக் காய்ந்துவிட்டது. எங்கள் சுவர் மட்டும் நாளுக்கு நாள் நனைந்துகொண்டே வந்தது. எனக்கு அதுதான் பிடிபடவில்லை.

தண்ணீர் இறைப்பவர் வீடு

நெய்வேலி என்றதும் தோட்டமும் வேப்பமரமுமாகத் தனித்தனியே நிற்கும் குவார்ட்டர்ஸ்கள்தாம் பலருக்கும் நினைவில் வரும். எங்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது அப்படிப்பட்டதன்று. கீழே நான்கு, மேலே நான்கு என எட்டு வீடுகள் அடங்கிய ஒரு பழைய கட்டடம். நடுவில் பொதுப் படிக்கட்டு. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கூடம், ஒரு படுக்கையறை, இருவர் நின்றால் முழங்கை இடிக்கும் சமையலறை, ஒரு குளியலறை. மேல்வீடுகளுக்குப் பின்புறம், வடக்குச் சுவரை ஒட்டி, துணி காயப்போட ஒரு சின்ன பால்கனி. நாங்கள் கீழே இருந்தோம்.

நான் பிறந்து வளர்ந்தது கோவில்பட்டிப் பக்கம். குடத்தின் அடியில் மிஞ்சிய தண்ணீரைக்கூடச் செடிக்கு ஊற்றாமல் அடுத்த வேலைக்கு எடுத்துவைக்கும் வீடு எங்களுடையது. திருமணமாகி இங்கே வந்த முதல் நாள், குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் நிற்கிறதா என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நிற்கவே இல்லை. என் கணவர் பின்னால் நின்று சிரித்தார்.

அவருக்குச் சுரங்கத்தில் தண்ணீர் வெளியேற்றும் பிரிவில் வேலை. பழுப்பு நிலக்கரிக்குக் கீழே தண்ணீர் மேல்நோக்கி முட்டிக்கொண்டே இருக்குமாம். அதை இரவு பகலாக இறைத்து அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருந்தால்தான் கரியை வெட்ட முடியுமாம். "பம்பு நின்னா சுரங்கமே மெதக்கும்" என்று அவர் சொல்வதில் சற்றுப் பெருமையும் கலந்திருக்கும்.

அதனால்தான் எதிர்வீட்டு அம்மாள் எங்கள் சுவரைப் பார்த்துவிட்டு அப்படிச் சொன்னார்.

"ஊருத் தண்ணியெல்லாம் இறைக்கிற மனுஷன், வூட்டுச் செவுத்துத் தண்ணிய இறைக்க மாட்டாராமா?"

கணவர் இந்தக் கேலிக்குச் சிரிக்கவில்லை. அவரும் அமுதாவின் மூச்சொலியை எண்ணிக்கொண்டுதான் ஒவ்வொரு நாளும் ஷிஃப்டுக்குப் போனார்.

புத்தகங்களும் தப்பவில்லை. நான் ஆசிரியையாக இருந்த பள்ளியின் நூலகத்தைப் பற்றி முன்பொரு வாரம் இந்தத் தொடரில் எழுதியபோது, என் வீட்டிலும் அப்படி ஓர் அலமாரி உண்டா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். இருந்தது. அந்த வடக்குச் சுவரை ஒட்டித்தான் இருந்தது. என் தந்தை கொடுத்த அகராதியின் முதுகில் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் பூத்து, தொட்டால் பொடியாக எழும்பியது. அலமாரியைக் காலி செய்து புத்தகங்களைச் சமையலறைப் பரணில் ஏற்றினேன். புத்தகங்களுக்கு வேறு இடம் கிடைத்துவிட்டது. அமுதாவுக்குத்தான் கிடைக்கவில்லை. கூடத்தில் படுக்க வைத்துப் பார்த்தோம். அதே சுவர்தான் கூடத்திலும் நீண்டது, அதே ஈரத்தோடு.

"இந்தப் பூஞ்சக் காத்துல வெச்சுக்கிட்டு நான் எந்த மருந்து குடுத்தும் பிரயோஜனமில்ல. மொதல்ல எடத்த மாத்துங்க" என்றார் மருத்துவர்.

எல்லாருக்கும் தெரிந்த சித்தப்பா

எங்களுக்கு நேர் மேலே இருந்த வீடு ராஜமாணிக்கம் என்ற நிரந்தர ஊழியருக்கு ஒதுக்கப்பட்டது. அவர் வெளியே சொந்தமாக வீடு கட்டிக் குடிபோய்விட்டார். குவார்ட்டர்ஸைத் திருப்பி ஒப்படைக்காமல், அதில் ஓர் ஒப்பந்தத் தொழிலாளியின் குடும்பத்தை அமர்த்தியிருந்தார். இது விதிக்குப் புறம்பானது. தெரிந்தால் அவருடைய ஒதுக்கீடு ரத்தாகும். குடியிருப்பவர்கள் அன்றே வெளியேற வேண்டும்.

கட்டடத்தில் எல்லாருக்கும் இது தெரியும். யாரும் பேசமாட்டார்கள். புதிய முகம் ஏதாவது படியேறி வந்து மேல்வீட்டைப் பற்றி விசாரித்தால் மற்ற ஏழு வீட்டிலிருந்தும் ஒரே பதில்தான் வரும்: "அவரு அண்ணன் மகளுங்க. சித்தப்பா ஷிஃப்டுக்குப் போயிருக்காரு." இதைச் சொல்லத் தெரியாத குழந்தைகூட அந்தக் கட்டடத்தில் இல்லை. என் மகளுக்கும் தெரியும். நான் கற்றுக்கொடுக்கவில்லை, தடுக்கவும் இல்லை.

அந்த 'அண்ணன் மகள்' அஞ்சலை. என்னைவிட நான்கைந்து வயது இளையவள். சொந்த ஊர், கம்மாபுரத்திலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு கிராமம். கணவர் கொளஞ்சி சுரங்கத்தில் ஒப்பந்த வேலை. ஒரே மகள் சத்யா, டவுன்ஷிப் பள்ளியில் பத்தாம் வகுப்பு. அவளுடைய படிப்புக்காகத்தான் அந்தக் குடும்பமே ஊரை விட்டு இங்கே வந்து, தன் பெயரில் இல்லாத கூரைக்குக் கீழே குரல் தாழ்த்தி வாழ்ந்துகொண்டிருந்தது. ஊரில் மாமனார் வீட்டில் ஒரே அறையில் இரண்டு குடும்பங்கள். காலையில் பள்ளிக்கு நேரத்தில் கொண்டுவிடும் பேருந்தும் கிடையாது.

கார்த்திகை மழையில்தான் முதன்முதலில் ஓதம் தெரிந்தது. சுவரும் கூரையும் சேரும் மூலையில், மேல்வீட்டுக் குளியலறைப் பக்கமாக, ஒரு தோசை அளவுக்கு. நான் படியேறிப் போய் அஞ்சலையிடம் பக்குவமாகவே சொன்னேன்.

"உங்க பாத்ரூம்ல எங்கயோ கசியுது போல அஞ்சலை. கொஞ்சம் பாத்துப் பொழங்குங்க."

அவள் முகம் வெளிறியது எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. "ஆவட்டுங்க டீச்சர். பாத்துக்கறோங்க. யாராண்டயும் சொல்லிடாதீங்க டீச்சர்" என்றாள். நான் சொல்லவில்லை.

தொலைபேசியில் ஒரு புகார்

மழை நின்றது. தோசை அளவு, பாய் அளவாயிற்று. மூலையில் இருந்த ஈரம் சுவரின் நடுப்பகுதிக்கு வந்து, இருபுறமும் விரிந்தது.

காலையில் நான் சமைத்துக்கொண்டிருக்கும்போது மேலே தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்கும். கொளஞ்சி குளிப்பார், பிறகு சத்யா, பிறகு துணி. ஒவ்வொரு குவளைத் தண்ணீருக்கும் என் மனத்தில் ஒரு கசப்பு ஊறியது. சொல்லியும் இப்படி ஊற்றுகிறார்களே என்று நினைத்தேன். தண்ணீரின் அருமை தெரியாதவர்கள் என்றுகூட நினைத்தேன். படித்தவள் என்பதால் அந்த எண்ணத்தை வாய்விட்டுச் சொல்லாமல் இருந்தேன், அவ்வளவுதான்.

பூச்சு விழுந்த அன்று அமுதாவை ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைத்துத் திரும்ப அழைத்துவந்தோம். முகமூடிக்குள் புகைந்த மருந்தை அவள் உறிஞ்சுவதையே பார்த்துக்கொண்டிருந்தவள், வீட்டுக்கு வந்ததும் பராமரிப்பு அலுவலகத்துக்குப் போன் செய்தேன். "மேல்வீட்டிலிருந்து தண்ணீர் இறங்கி எங்கள் சுவர் இடிகிறது" என்றேன். புகார் எண் கொடுத்தார்கள்.

அஞ்சலையிடம் முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் கையைப் பிடித்துக் கெஞ்சுவாள், நான் இளகிவிடுவேன் என்று தெரியும். அதனால் சொல்லவில்லை. அந்த வயதில் நான் செய்த காரியங்களில் எனக்கே பிடிக்காத ஒன்று அது.

மூடியிருந்த குளியலறை

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு மேற்பார்வையாளர் ஒருவர் கையில் சுத்தியலோடு வந்தார். ஓய்வுக்கு நெருங்கிய வயது. சுவரில் இரண்டு இடத்தில் தட்டினார், காதை வைத்துக் கேட்டார், "மேல போயிப் பாத்துடலாம் வாங்க" என்று படியேறினார். எனக்கு அன்று விடுப்பு. பின்னால் போனேன்.

அஞ்சலை கதவைத் திறந்தாள். சுத்தியலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"வீட்டுக்காரரு இல்லியாம்மா?"

"சித்தப்பா ஃபர்ஸ்ட் ஷிஃப்டுங்க" என்றாள் அஞ்சலை.

அதே நொடியில் உள்ளேயிருந்து, பரீட்சைக்குப் படிக்க விடுப்பிலிருந்த சத்யாவின் குரல் வந்தது: "செகண்ட் ஷிஃப்டுங்க சார்!"

மேற்பார்வையாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, நேரே குளியலறைக்குப் போய்க் கதவைத் தள்ளினார்.

உள்ளே தரை எலும்புபோல் காய்ந்து கிடந்தது. குழாயின் வாயில் துணி கட்டியிருந்தது. ஒரு பக்கம் நெல் மூட்டைகள். மறுபக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் சத்யா, மடியில் பரீட்சை அட்டை. சோப்பு வைக்கும் மாடத்தில் அறிவியல் புத்தகமும் ஜியோமெட்ரி பெட்டியும். சுவரில் சூத்திரங்கள் எழுதிய தாள்கள் வரிசையாக ஒட்டப்பட்டிருந்தன. அந்த வீட்டில் கதவு சாத்திப் படிக்க வசதியான ஒரே இடம் அதுவாகியிருந்தது.

"அப்ப எங்க குளிக்கிறீங்க?" என்றார் அவர்.

அஞ்சலை என்னைப் பார்த்தே பதில் சொன்னாள்.

"டீச்சர் வந்து சொன்ன அன்னிக்கே இத மூடிட்டோங்க. ஒரு சொட்டு ஊத்தலீங்க. பின்னால பால்கனியிலதான் தார்ப்பாயக் கட்டிக்கினு குளிச்சிக்கினு இருக்கோம். பாத்தரம், துணி எல்லாம் அங்கதான். கீழ அவங்களுக்குத் தொல்ல வேணாம்னுட்டு."

மேற்பார்வையாளர் பால்கனிக்குப் போய்க் குனிந்து பார்த்தார். தரையும் சுவரும் சேரும் இடத்தில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு.

"ஏம்மா, இது துணி காயப்போடற எடம். அடியில தண்ணி தாங்குற பூச்சே கெடயாது. நீங்க ஊத்தறது எல்லாம் நேரா டீச்சர் வீட்டுச் செவுத்துக்குள்ளதான் எறங்குது. பாத்ரூம்லயாச்சும் சொட்டுச் சொட்டாப் போயிருக்கும். இங்க கொடம் கொடமா ஊத்தியிருக்கீங்க."

அஞ்சலை சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். மூன்று மாதமாக எனக்குத் தொல்லை தரக்கூடாதென்று, மார்கழிக் குளிரில் திறந்த வெளியில் வயதுக்கு வந்த மகளைக் குளிக்க வைத்திருக்கிறாள். ஒரு கொத்தனாரையோ குழாய்க்காரரையோ கூப்பிட்டிருந்தால் முதல் வாரமே உண்மை தெரிந்திருக்கும். கூப்பிட்டால் வீடு யார் பெயரில் என்ற கேள்வி வரும்; கூப்பிட அவர்களுக்கு வழியில்லை. அந்த வீட்டில் அவர்கள் இல்லை என்றல்லவா எல்லாரும் ஒப்புக்கொண்டிருந்தோம்?

படி இறங்கும்போது மேற்பார்வையாளரிடம் நான் மெல்லிய குரலில் ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"டீச்சர், நான் செவுத்தப் பாக்குற ஆளு. மனுஷங்களப் பாக்குறதுக்கு வேற ஆபீஸ் இருக்கு. ஆனா பாத்ரூமையும் பால்கனியையும் ஒடச்சுப் போட்டாத்தான் இது நிக்கும். ஒடைக்கணும்னா வீடு யாரு பேர்ல இருக்கோ அவரு வந்து கையெழுத்துப் போடணும். நான் அவருக்குச் சொல்லித்தான் ஆவணும்."

உதவி செய்ய வந்தவர்

அன்று மாலையே ராஜமாணிக்கம் வந்தார். என் கணவர் வேலையிலிருந்து இன்னும் திரும்பவில்லை. மனிதர் கோபமாக வருவார் என்று எதிர்பார்த்து, பேச வேண்டியதை எல்லாம் மனத்துக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அவரோ வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, கைகூப்பிக்கொண்டு வந்தார்.

"பாப்பாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு இன்னிக்குத்தான் கேள்விப்பட்டேன் மேடம். ரொம்ப வருத்தமாப் போச்சு. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா அப்பவே சரி பண்ணியிருப்பேன். ஒண்ணும் கவலைப்படாதீங்க. ஞாயித்துக்கெழமைக்குள்ள அவங்களக் காலி பண்ணச் சொல்லிடறேன். திங்கக்கெழம வந்து கையெழுத்துப் போட்டுடறேன். பத்தே நாள்ல உங்க செவுரு புதுசாயிடும்."

"பரீட்சைக்கு மூணு வாரம்தான் இருக்குங்க" என்றேன்.

"யாருக்கு?"

நான் சத்யாவின் பெயரைச் சொன்னேன். அவருக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கவில்லை.

"அது அவங்க பாடு மேடம். ஆளு இருக்கும்போது ஒடச்சா ஆபீஸ்லேர்ந்து பத்துப் பேரு வந்து போவாங்க. எவனாச்சும் ஒருத்தன் கேட்டா எனக்கு வீடு போயிடும். ஒண்ணு, அவங்க காலி பண்ணணும். இல்ல, நீங்க புகார நிறுத்தணும். நீங்களே சொல்லுங்க."

எவ்வளவு எளிமையாக என் கையில் வைத்துவிட்டார்! நான் தலையசைத்தால் போதும். குரல் உயர்த்த வேண்டாம், யாரையும் காட்டிக்கொடுக்க வேண்டாம். பத்து நாளில் என் மகளின் அறை காயத் தொடங்கும். மேல்வீட்டுப் பெண் எங்கிருந்தோ, எந்தப் பேருந்திலோ, பரீட்சைக்கு வருவாள். அல்லது வராமல் போவாள்.

உள்ளே அமுதா இருமினாள். நீண்ட, வறண்ட இருமல்.

"பங்குனி முடியட்டும்" என்றேன். "அதுவரைக்கும் புகாரை நிறுத்தி வைக்கச் சொல்றேன்."

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்துவிட்டு எழுந்து போனார்.

ஒரே வீட்டில் இரண்டு நியாயம்

என் கணவர் அதிர்ந்து பேசாதவர். அன்றும் அதிர்ந்து பேசவில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியபடியே கேட்டார்.

"நீ என்ன பேசுதேன்னு தெரிஞ்சுதான் பேசுதியா?"

"தெரிஞ்சுதான்."

"நம்ம பிள்ள மூச்சுக்குத் தவிச்சுக்கிட்டுக் கெடக்கா. நீ மேல்வீட்டுப் பிள்ள பரிச்சைக்கு நாள் எண்ணிக்கிட்டு இருக்க. நாளைக்கு எவனாவது ஒரு மொட்டக் கடுதாசி போட்டாம்னா, தெரிஞ்சே மறைச்சதுக்கு என்னயும் நிறுத்திக் கேப்பான். அதக்கூட விடு. இன்னொரு தடவ அவளுக்கு அன்னைக்கு மாதிரி வந்துச்சுன்னா நீ என்ன செய்வ? சொல்லு."

அவர் சொன்ன எதுவும் தவறில்லை. நான் செய்ததும் தவறென்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டையும் மனத்தில் ஒருசேர வைத்துக்கொண்டு, அந்த அரைமணி நேரம் அரிசி களைந்து உலை வைத்தேன்.

அப்போதுதான் பின்வாசலில் அஞ்சலை வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது. உள்ளே வரவில்லை, நிலைப்படிக்கு வெளியே நின்றபடி பேசினாள்.

"ராஜமாணிக்கம் அண்ணன் சொல்லிட்டுப் போனாருங்க. நீங்க சொன்னதையும் சொன்னாரு." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "டீச்சர், எங்க வூடு காஞ்சிதாங் கெடக்குது. தண்ணி கீழதான எறங்கும், மேல ஏறாது. மொட்ட மாடியும் போன வருசந்தான் பூசினாங்க. பாப்பாவ எங்க வூட்ல படுக்க வெய்யிங்க. நான் பாத்துக்கறேன்."

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க எங்க குளிப்பீங்க?" என்று கேட்டேன். "பால்கனியில இனி ஊத்த முடியாதே."

அவள் இதை யோசித்திருக்கவில்லை.

"இங்க வாங்க" என்றேன்.

மேலே தூக்கம், கீழே குளியல்

பரீட்சைக்கு முந்திய மூன்று வாரமும் பரீட்சை நாட்களுமாக ஆறு வாரம் இப்படியே நடந்தது. ஒவ்வொரு நாள் மாலையும் அமுதா தன் போர்வையையும் இன்ஹேலரையும் எடுத்துக்கொண்டு படியேறினாள். ஒவ்வொரு நாள் காலையும் அஞ்சலையும் சத்யாவும் துண்டும் வாளியுமாகப் படியிறங்கினார்கள். கொளஞ்சி மட்டும் கூச்சப்பட்டு வேலையிடத்துக் குழாயிலேயே குளித்துக்கொண்டார்.

அந்த நாட்களை இனிமையானவை என்று எழுத எனக்கு ஆசைதான். உண்மையில் நாங்கள் எல்லாரும் பயந்துகொண்டே இருந்தோம். ஜீப் சத்தம் கேட்டால் படிக்கட்டில் நடமாட்டம் நின்றுவிடும். எதிர்வீட்டு அம்மாள் "என்னா டீச்சர், உங்க வூட்ல வாளி சத்தம் ஜாஸ்தியாயிருக்குது?" என்று கேட்டபோது, அதில் வெறும் கேலிதான் இருக்கிறதா என்று இரண்டு நாள் யோசித்துக்கொண்டிருந்தேன்.

என் கணவர் வழக்கமாக ஐந்தரைக்குக் குளிப்பவர், மறுநாளிலிருந்து நாலரைக்கே குளித்து முடித்து, குளியலறைத் தரையைத் தள்ளித் துடைத்துவிட்டு, கதவைத் திறந்துவைத்தார்.

முதல் வாரத்திலேயே அமுதாவின் இருமல் குறைந்தது. படியேறும்போது நடுவில் நிற்காமல் ஏறினாள். சத்யா பாடங்களை உரக்கச் சொல்லிப் படிக்க, அதைக் கேட்டபடியே தூங்கிப்போவாளாம். ஒரு நாள் சாப்பிடும்போது, சம்பந்தமே இல்லாமல் அமிலங்களின் பண்புகளை ஒப்பித்தாள்.

கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் மாலை. காற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் வாடை சற்று அதிகமாக இருந்தது. ஆறு மணிக்கு மேலேயிருந்து அஞ்சலை கத்தினாள்.

"டீச்சர்! டீச்சர்! ஓடியாங்க!"

நான் எப்படிப் படியேறினேன் என்று தெரியாது. அமுதா கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். உதட்டோரம் நீலம் பாரித்திருந்தது. சத்யா அவளைத் தன் முழங்காலில் முன்சாய்த்து உட்கார வைத்து, குழலைப் பொருத்தி, இன்ஹேலரை அழுத்திக்கொண்டிருந்தாள்.

"இழு... பிடி... ஒண்ணு, ரெண்டு, மூணு... விடு. மறுபடி இழு."

அந்தப் பெண் தடுமாறவில்லை. நான் செய்வதைத் தினமும் பார்த்திருக்கிறாள். ஒரு நிமிடம் விட்டு மறுபடி அழுத்தினாள். கால் மணி நேரத்தில் உதட்டின் நிறம் திரும்பியது. என் கணவர் வந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். "சரியான நேரத்துல குடுத்திருக்கீங்க" என்றார் மருத்துவர். திரும்பி வரும் வழியெல்லாம் என் கணவர், அவர் முன்பு கேட்ட கேள்வியை மறுபடி கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. நான் எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். அந்தத் தாக்குதல் மேல்வீட்டில் வந்தது என்பதைவிட, நான் புகாரை நிறுத்தாமல் அப்போதே சுவரைச் சரிசெய்ய விட்டிருந்தால் வந்திருக்காதோ என்பதுதான் என்னை அரித்தது. இன்றுவரை அதற்கு எனக்கு விடை தெரியாது.

மறுநாள் காலை சத்யா வழக்கம்போல வாளியோடு வந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"படிக்க முடிஞ்சுதா?" என்று கேட்டேன்.

"வடிவியல் பாக்கல டீச்சர். பரவால்ல. பாப்பா எப்டி இருக்குது?" என்றபடி குளிக்கப் போனாள்.

கடைசிப் பரீட்சை

சமூக அறிவியலோடு பரீட்சைகள் முடிந்தன. அன்று மதியம் இரண்டு மணிக்கு அஞ்சலை கீழே வந்தாள். இம்முறை நிலைப்படியில் நிற்காமல் உள்ளே வந்து, கூடத்தின் நடுவில் தரையில் உட்கார்ந்தாள்.

"இப்ப எழுதிக் குடுங்க டீச்சர்."

"என்னத்த?"

"அந்தப் புகாரத்தான். பரிச்ச முடிஞ்சிச்சில்ல. பாப்பா நெஞ்சு இன்னும் எத்தினி நாளு தாங்கும்? அன்னிக்கி ஒதட்டப் பாத்ததுலேர்ந்து எனக்குச் சோறு எறங்கலீங்க."

"எங்க போவீங்க?"

"ஊருக்குத்தாங்க. அவரு வண்டி சொல்லிட்டாரு, நாலு மணிக்கு வந்துடும். மாமனாரு வூடு கெடக்குது. ரிசல்ட்டு வந்தா பொறவு பாத்துக்கலாம்."

இன்னும் சில நாள் இருங்கள் என்று சொன்னேன். ராஜமாணிக்கத்திடம் நானே பேசுகிறேன் என்றேன். வேலை முடிந்ததும் திரும்பி வரலாமே என்றேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். சிறுபிள்ளையின் பேச்சைக் கேட்பதுபோலப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"ஒடச்சிப் பூசினதும் ஆபீசருங்க வந்து பாப்பாங்க டீச்சர். அண்ணன் வேற ஆள வெக்க மாட்டாரு. எங்களயும் வெக்க மாட்டாரு. நீங்க எழுதுங்க."

புகாரை மறுபடி எடுக்க, எழுத்துமூலமாகக் கேட்டிருந்தார்கள். நான் தாளை எடுத்து, முகவரியும் தேதியும் எழுதினேன். வடக்குச் சுவரின் நிலையை எழுதினேன். குளியலறை, பால்கனி இரண்டும் உடைத்துச் செப்பனிடப்பட வேண்டும் என்று எழுதினேன். அஞ்சலைக்குப் படிக்கத் தெரியும். என் தோளுக்குப் பின்னால் நின்று, வரி வரியாகப் படித்துக்கொண்டே வந்தாள்.

அடுத்த வரியில் என் பேனா நின்றது.

"மேல்வீட்டுல இப்ப யாரு இருக்காங்கன்னு எழுதணும் அஞ்சலை. என்ன எழுத?"

அவள் யோசிக்கவே இல்லை.

"யாரும் இல்லீங்கன்னு எழுதுங்க."

எழுதினேன். நான் அதை எழுதி முடிக்கும்வரை தலைக்கு மேலே சத்யா நடந்துகொண்டிருந்தாள். சாமான்களை ஒவ்வொன்றாக வாசல் பக்கம் இழுத்துவைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.